அம்மம்மாவின்ர நீலப் பீங்கானும் சுவர்ப் பூக்கொடியும்: சுவரில தொங்கவிடுற கோப்பைக்கு டிசைன் போடுறது எப்பிடி?

கிணத்தடி (ஞாயிறு, இரவு 9.40)

எல்லாருக்கும் வணக்கம். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில இருந்து எழுதுறன். கொஞ்சம் நீளமாத்தான் வரும், ஆறுதலா வாசியுங்கோ.

எங்கட அம்மம்மாவுக்குச் சீதனத்தோட வந்தது 12 நீலப் பீங்கான் கோப்பை, சோறு சாப்பிடுற தட்டு. நடுவில பாலம், பாலத்தில மூண்டு ஆக்கள், தண்ணிக்கு மேல தொங்கிற மரம், வானத்தில ரெண்டு குருவி. நல்லநாள் பெருநாளுக்குத்தான் அலுமாரியால இறங்கும். 1995 ஒக்டோபரில ஷெல்சத்தம் கிட்டக் கிட்ட வரத் தொடங்கேக்க, அம்மம்மா அதுகளைச் சீலைத்துண்டில ஒவ்வொண்டாச் சுத்தி, சாக்கில போட்டு, கிணத்தடி வாழைக்குக் கீழ கிடங்கு வெட்டித் தாட்டவா. 30 ஆம் திகதி இரவு எல்லாரோடயும் சேர்ந்து நாங்களும் எழும்பிப் போனம். அடுத்த வருசம் திரும்பி வந்து தோண்டேக்க ஏழுதான் முழுசாக் கிடைச்சுது. இப்ப என்ர கையில இருக்கிறது ரெண்டு. அதில ஒண்டு விளிம்பு உடைஞ்சது.

ரெண்டாவது விசயம். எங்கட பழைய வீட்டுத் தலைவாசல் சுவரில, ஆளுயரத்தில, அச்சுத் தகடு வைச்சு நிறம் அடிச்ச ஒரு பூக்கொடி சுத்திவர ஓடினது. வெளிநாட்டு வீடுகளில சுவருக்குக் காகிதம் ஒட்டுவினமே, அதைப் பாத்துச் செய்ததெண்டு அம்மா சொல்லுவா. எங்கட மாரிக்குக் காகிதம் நிக்காது எண்டபடியா பெயின்ரால அடிச்சிருக்கினம். இப்ப அந்தச் சுவரில ரெண்டு அடித் துண்டுதான் மிச்சம். போன மாசம் எண்ணெய்க் கடதாசி வைச்சு அதைப் பென்சிலால ஒத்தி எடுத்து வைச்சிருக்கிறன்.

இந்த ரெண்டையும் சேர்த்து எட்டுச் சுவர்க் கோப்பை செய்யோணும். ரெண்டு எனக்கு, மற்றது கடல் கடந்து இருக்கிற சகோதரங்களுக்கு. கொழும்பில ஒரு கடைக்குப் படத்தை அனுப்பிப் பாத்தன். வந்ததைப் பாத்து அழுகைதான் வந்தது. நீலம் சாம்பலாப் போச்சு, பூக்கொடி கோப்பையின்ர விளிம்பில வெட்டுப்பட்டு நிக்குது, ஒரு முறை துடைச்ச உடனேயே நகம் பட்ட இடத்தில நிறம் உரிஞ்சு வந்திட்டுது.

எப்பிடிச் செய்யிறது? ஆருக்காவது கைப்பழக்கம் இருந்தாச் சொல்லுங்கோ. படங்கள் கீழ போட்டிருக்கிறன்.

ஸ்காபரோ மழை (ஞாயிறு, இரவு 11.15)

அக்கா, படத்தைப் பாத்த உடனே நெஞ்சு ஒருமாதிரிப் போச்சு. எங்கட அப்பம்மாவிட்டயும் இதே கோப்பைதான். கதை சொல்லித்தான் சோறு தீத்துவா. மந்திரியின்ர மகள் கணக்குப்பிள்ளையை விரும்பினது, தகப்பன் துரத்தினது, ரெண்டுபேரும் செத்துக் குருவியானது. பாலத்தில ஓடுற மூண்டு பேரும் அவள், அவன், பின்னால சாட்டையோட தகப்பன். சீனாவில நடந்த உண்மைக் கதையாமே?

யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துத் தீவில, அல்லைப்பிட்டியில நிலத்துக்குக் கீழ எடுத்த சீனக் கோப்பைகளும் இந்த நீலம்தான் எண்டு ஆரோ சொன்னவை. அப்ப எங்கட ஊருக்கும் இதுக்கும் ஆயிரம் வருசத் தொடர்பு!

மண்ணித்தலை (திங்கள், காலை 6.50)

தொடர்பு உண்மை. ஆனா ரெண்டு இடத்தில திருத்தவேணும்.

அந்தக் காதல் கதை சீனாவில பிறந்ததில்லை. 18 ஆம் நூற்றாண்டின்ர கடைசியில இங்கிலாந்துப் பட்டறைகளில, சீனாவில இருந்து வந்த கோப்பைகளைப் பாத்து, அதில ஒரு மரம், இதில ஒரு பாலம் எண்டு சேர்த்து வெட்டின படம் இது. தொமஸ் மின்ரன், ஜோசியா ஸ்போட் எண்ட பேர்கள்தான் இதோட வழமையா வரும். படம் வந்து அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1849 இல, ஒரு ஆங்கிலச் சஞ்சிகையில கதை அச்சானது. கோப்பை விற்க எழுதின கதை எண்டாலும், உங்கட அப்பம்மா சோறு தீத்தச் சொன்னதால அது உங்கட கதைதான். அதில எனக்குச் சந்தேகம் இல்லை.

அல்லைப்பிட்டியில 1977 இல ஜோன் கார்ஸ்வெல் எண்ட ஆய்வாளர் அகழ்ந்து எடுத்தது சீனாவின்ர சொங் அரசர் காலத்துப் பாண்டங்கள். 11 ஆம் நூற்றாண்டின்ர பிற்பகுதியும் 12 இன்ர தொடக்கமும். அந்தக் காலத்தில இந்த நீலம்-வெள்ளை வேலை வளரேல்லை. அது 14 ஆம் நூற்றாண்டில யுவான் அரசர் காலத்தில வளர்ந்தது. 1351 எண்டு ஆண்டு எழுதின ஒரு சோடிச் சாடி லண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில இருக்கு. அப்ப, எங்கட கடற்கரைக்குச் சீனப் பாண்டம் வந்தது நீலம் வாறதுக்கு இருநூறு வருசத்துக்கும் முந்தி. எனக்கு அதுதான் பெரிய விசயமாப் படுது.

"பீங்கான்" எண்ட சொல்லும் கடலால வந்ததுதான், பாரசீகச் சொல். சாமான் சீனத்து, பேர் பாரசீகத்து, வைக்கிற அலுமாரி போர்த்துக்கீசருடையது. எங்கட சாப்பாட்டறை அப்பிடித்தான் இருந்திருக்கு.

களிமண் கை (திங்கள், மதியம் 12.30)

தங்கச்சி, நான் தெற்கில ஒரு பீங்கான் தொழிற்சாலையில 19 வருசம் வேலை செய்து, இப்ப கொக்குவிலில ஒரு சின்னக் கரண்ட் சூளையோட இருக்கிறன்.

முதல்ல உங்கட கோப்பையைப் பாப்பம். படத்தில பின்பக்கத்தை எடுத்துப்போட்டது நல்ல வேலை. விளிம்புக்குக் கீழ முக்கோணமா மூண்டு இடத்தில சின்னச் சொறி மாதிரி இருக்குதே, விரலால தடவினாக் கரகரக்கும். அது சூளைக்குள்ள கோப்பை ஒண்டோட ஒண்டு ஒட்டாமல் முட்டுக்கொடுத்த இடம். கீழ "இங்கிலாந்து" எண்டு முத்திரை இருக்கு. 1891 இல இருந்து அமெரிக்காவுக்குப் போற சாமானில நாட்டின்ர பேர் போடோணும் எண்டு சட்டம் வந்த பிறகுதான் அது பரவலா வந்தது. ஆனபடியா உங்கட கோப்பை அதுக்குப் பிந்தினது எண்டு எடுக்கலாம்.

இது கையால கீறினதில்லை. செப்புத் தகட்டில படத்தை வெட்டி, கோபால்ட் எண்ட உலோகத்தால வாற நீல மை பூசி, மெல்லிய கடதாசியில ஒத்தி, அந்தக் கடதாசியை ஒருக்காச் சுட்ட கோப்பையில தேய்ச்சு ஒட்டுவினம். பிறகு தண்ணியில கடதாசி கழண்டுபோகும், நீலம் நிக்கும். மேல கிளேஸ், அதுதான் கண்ணாடி மாதிரிப் பளபளக்கிற பூச்சு, போட்டுத் திரும்பச் சுடுறது. கிளேஸுக்குக் கீழ நீலம் இருக்கிறபடியால்தான் உங்கட அம்மம்மா எத்தினை தரம் சாம்பல் போட்டு விளக்கினாலும் போகேல்லை. மற்ற நிறங்களில கனக்க அந்தச் சூட்டில கருகிப் போகும். கோபால்ட் தாங்கும். உலகம் முழுக்க நீலக் கோப்பையாக் கிடக்கிறதுக்கு முதல் காரணம் இந்தச் சூடுதான்.

இப்ப ஒரு வேலை சொல்லுறன். பூதக்கண்ணாடி இருந்தா எடுத்து விளிம்புக் கரையை ஒரு சுற்றுப் பாருங்கோ. ஓரிடத்தில கோலம் முட்டாமல் நிக்கும். பாதிப் பூ ஒண்டு, அதுக்குப் பக்கத்தில சம்பந்தமில்லாமல் பாதி வலைக்கோடு. கரைக்கு ஒட்டின கடதாசி நாடாவின்ர தலையும் வாலும் சந்திச்ச இடம் அது. ஒவ்வொரு கோப்பைக்கும் ஒவ்வொரு இடத்தில வரும், ஏனெண்டா ஒட்டினது மனிசற்ற கை.

வெடிப்புக்குள்ள மண்ணிறமா ஊறியிருக்கிறதுக்கு குளோரின் மாதிரி வெளுக்கிற மருந்து ஒண்டும் போடாதேங்கோ. உப்பு உள்ள இறங்கி, கிளேஸைச் செதில் செதிலாக் கழட்டிப்போடும். முதல்ல நாலு நாள் நல்லதண்ணியில ஊற வையுங்கோ, நாளுக்கு ஒருக்காத் தண்ணி மாத்தி. பிறகும் கறை நிண்டா, பார்மசியில விக்கிற 3 வீத ஹைட்ரஜன் பெரொக்சைட்டைப் பஞ்சில நனைச்சு வைச்சு, மேல பொலித்தீன் மூடி விடுங்கோ.

கொழும்புக் கடை செய்தது வெறும் சாயம் ஏத்துற வேலை. பிளாஸ்ரிக் பூச்சுப் பூசின கோப்பையில இயந்திரத்தால அமத்துறது. அது பீங்கானுக்குள்ள போகாது, மேலதான் நிக்கும். உங்களுக்கு அது காணாது.

கிணத்தடி (திங்கள், இரவு 8.05)

அண்ணை, பின்னேரம் அம்மாவை வைச்சுக்கொண்டு அந்த முட்டாத இடத்தைத் தேடினன். கண்ணாடியே தேவைப்படேல்லை. அம்மாவுக்கு இப்ப 71. கோப்பையைக் கையில வாங்கினவா, ஒருக்காத் திருப்பினவா, பெருவிரலை நேர அந்த இடத்தில வைச்சிட்டா.

"இது என்ர கோப்பை. சின்னனில எங்கள் அஞ்சு பேருக்கும் கோப்பைச் சண்டை. எல்லாம் ஒரே மாதிரி. இதில மட்டும் இந்த இடத்தில பூ பாதியில நிக்கும், நேர கீழ படகு இருக்கும். அதைப் பாத்துத்தான் நான் எடுக்கிறனான். சின்னண்ணையின்ரயில பாதிப் பூ மரத்துக்கு மேல."

இத்தினை வருசம் இந்தக் கதை எனக்குத் தெரியாது.

புகையிலைத் தோட்டம் (திங்கள், இரவு 9.20)

பிள்ளை, அம்மா சொன்னதை வாசிச்சு மனம் நிறைஞ்சு போச்சு. ஆனா ஒண்டு கேக்கிறன். வெள்ளைக்காரன் சீனாக்காரனைப் பாத்துக் கீறினான். அதை நீங்கள் திரும்ப ஏன் கீறோணும்? பனை இருக்கு, துலாக் கிணறு இருக்கு, நல்லூர்க் கோபுரம் இருக்கு. எங்கடையைப் போடுங்கோ. வெளிநாட்டில இருக்கிற சகோதரங்களுக்கும் அதைப் பாத்தாத்தானே ஊர் ஞாபகம் வரும்.

நெசவுக்காரி (திங்கள், இரவு 10.02)

ஐயா, உங்கட ஆதங்கம் விளங்குது. ஆனா நான் ஒத்துக்கொள்ளமாட்டன். நான் சேலைக்கு டிசைன் போடுறவள், அந்தப் பழக்கத்தில சொல்லுறன்.

கோபுரத்தைக் கோப்பையில போடவே கூடாது. சுவரில தொங்கினாலும் அது சாப்பாட்டுக் கோப்பை, எச்சில் படுற சாமான். நாளைக்கு ஆரோ அதில கேக் வெட்டி வைப்பினம். அம்மாவும் இதைத்தான் சொல்லுவா.

பனையும் துலாவும் விமான நிலையத்தில விக்கிற சாமானில எல்லாம் இருக்கு. அது படம். இந்தத் தங்கச்சி கேக்கிறது டிசைன். படம் ஒருக்காப் பாத்தா முடிஞ்சுது. டிசைன் எண்டது கண் ஒரு இடத்தில துவங்கி, ஓடி, திரும்ப அந்த இடத்துக்கே வரோணும்.

சுவர்க் கொடியின்ர ஒத்தலைப் பெரிசாக்கிப் பாத்தன். ஒரே தண்டில ரோசாவும் மாதுளையும் பேர் தெரியாத ஒரு இறகுப் பூவும் பூத்திருக்கு. எந்தத் தோட்டத்திலயும் இப்பிடிச் செடி இல்லை. இது சீத்தை எண்ட பூப்போட்ட பருத்தித் துணியின்ர பழக்கம். சோழமண்டலக் கரையில எழுதின சீத்தையை 17, 18 ஆம் நூற்றாண்டுகளில ஐரோப்பாக்காரர் கட்டிலுக்கும் சுவருக்கும் தொங்கவிட்டவை. பிரான்ஸ் 1686 இலயும் இங்கிலாந்து 1700 இலயும் சட்டம் போட்டுத் தடுக்கிற அளவுக்கு அந்த மோகம். அந்தப் பூவேலைதான் பிறகு அவையின்ர சுவர்க் காகிதத்திலயும் கோப்பையிலயும் ஏறினது. ரோயல் வின்ரன் எண்ட இங்கிலாந்துப் பெயரில 1928 இல துவங்கி வந்த சீத்தைப்பூக் கோப்பைகளை இண்டைக்கும் ஆக்கள் தேடித் தேடி வாங்கினம். அப்ப உங்கட தலைவாசல் சுவரில ஓடினது, கொஞ்சம் சுத்திவந்த எங்கட கொடிதான்.

மண்ணித்தலை (செவ்வாய், காலை 7.10)

நெசவுக்காரி சொன்னதோட இதையும் சேர்க்கவேணும். அந்தச் சீத்தையின்ர சிவப்பு சாயவேரில இருந்து வந்தது. சாயவேர் எங்கட தீவுகளிலயும் மன்னார்ப் பக்கத்து மணலிலயும் விளைஞ்சது. விரல் தடிப்பும் இல்லாத வேர். படிகாரம் ஏத்தின துணியில சிவப்பாப் பிடிக்கும். 1658 இல யாழ்ப்பாணத்தைப் பிடிச்ச ஒல்லாந்தர், அந்த வேர் தோண்டுற உரிமையைத் தங்கட கைக்குள்ள வைச்சிருந்தவை. 1697 இல இங்க இருந்து பதவி மாறிப்போன சுவார்டெகுரூன் எண்ட கொமாண்டர் எழுதிவைச்ச குறிப்பிலயும் சாயவேர் வரும்.

அதாலதான் ஒரு வேண்டுகோள். ஒல்லாந்தக் கொம்பனியின்ர எழுத்து மூண்டையும் பின்னின முத்திரையை நடுவில போட்ட பழைய நீலக் கோப்பைகள் இருக்கு. ஜப்பான் அரித்தாச் சூளைகளில அவைக்கெண்டே செய்தது. இப்ப அதைப் பாத்து அலங்காரக் கோப்பை செய்து விக்கினம். பாக்க வடிவுதான். ஆனா எங்கட வீட்டுச் சுவரில அந்த முத்திரையைத் தொங்கவிட எனக்கு மனம் வராது.

பூவரசு (செவ்வாய், மாலை 5.45)

இந்த இழையை மூண்டு நாளா வாசிக்கிறன். இப்பதான் எழுதத் துணிஞ்சன். நான் சித்திரம் படிப்பிக்கிறனான்.

வில்லியம் மொரிஸ் எண்ட ஆங்கிலேயர் 1862 இல முதல்முதல் கீறின சுவர்க் காகித டிசைன் என்ன தெரியுமோ? அவற்ற வீட்டுத் தோட்டத்து மரத்தட்டியும் அதில ஏறின ரோசாவும்தான். குருவிகளை அவற்ற கூட்டாளி பிலிப் வெப் கீறிக் குடுத்தவர். 1883 இல, தோட்டத்தில ஸ்ட்ரோபெரி களவெடுத்த குருவிகளைத் துணிக்கு டிசைனாக்கினார். அவர் மலையையும் மாளிகையையும் தேடிப் போகேல்லை. வேலியைப் பாத்தார்.

எங்களுக்கு வேலி இல்லையோ? கிடுகு வேலியைக் கிட்டப்போய்ப் பாருங்கோ. ஓலை ஒண்டு மேல, ஒண்டு கீழ, சாய்ச்சுச் சாய்ச்சுப் பின்னின கோடு. வெயில் பட்டா ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் நிழல். வேலிக்கு நட்ட கதியால் தடி இடைக்கிடை நேர நிக்கும். அதில கொவ்வைக் கொடி ஏறும், அஞ்சு மூலை இலையோட, வெள்ளைப் பூவோட, பச்சையில வெள்ளை வரி ஓடின காயோட. மாரிக்குப் பிறகு பழம் சிவக்கேக்க கிளி வரும். அணில் வேலி உச்சியில ஓடும். எல்லாத்தையும் ஒரே நீலத்தில கீறலாம். கிடுகு மெல்லிய கோட்டில பின்னணி, கொடி தடிச்ச நீலத்தில மேல.

பாலம் போட்ட கோப்பையின்ர விளிம்பிலயும் வலைப்பின்னல்தானே இருக்கு? அந்த இடத்தில கிடுகு இருக்கட்டும்.

கிணத்தடி (செவ்வாய், இரவு 9.30)

பூவரசு சேர், உங்களுக்கு எப்பிடி நன்றி சொல்லுறது. எங்கட பழைய வளவில தெருப்பக்கம் கிடுகு வேலிதான் இருந்தது. இப்ப மதில். பக்கத்து ஒழுங்கையில ஒரு வேலி மிச்சமிருக்கு. நாளைக்கு விடிய, வெயில் சாய்வா இருக்கேக்க போய்க் கீறுறன்.

ஒரு முடிவும் எடுத்திட்டன். விளிம்பில சுவர்க் கொடி. உள்வட்டத்தில கிடுகும் கொவ்வையும். பாலமும் பகோடா எண்ட சீனக் கோபுரமும் வேண்டாம். அந்த ரெண்டு குருவியை மட்டும் எடுக்கிறன், அப்பம்மா கதை சொன்ன ஸ்காபரோப் பிள்ளைக்காகவும். ஆனா கொடியை வட்டத்துக்கு வளைக்கேக்க இலையெல்லாம் நசுங்குது. அங்கதான் நிக்கிறன்.

நெசவுக்காரி (புதன், காலை 10.15)

நசுங்கத்தான் செய்யும். சுவர்க் கொடி நேர ஓடப் பிறந்தது. கணக்கைப் பாருங்கோ. 10 அங்குலக் கோப்பை எண்டா 25.4 சென்ரிமீற்றர். வெளிவிளிம்புச் சுற்று 79.8. கரை அகலம் 3.5 எண்டு வைச்சா உள்விளிம்புச் சுற்று 57.8 தான். ஒரே நாடாவுக்கு மேல்பக்கத்தில 22 சென்ரிமீற்றர் கூடுதலா வேணும். கணினியில போட்டு இழுத்தா, மேல இருக்கிற பூ கொழுக்கும், கீழ இருக்கிறது மெலியும். கடைக்காரர் செய்தது அதுதான்.

இழுக்காதேங்கோ. தண்டையும் பூவையும் தனித்தனியா வெட்டி எடுங்கோ. கரையின்ர நடுக்கோட்டில சுற்று 68.8. அதை எட்டாப் பிரிச்சா ஒரு பங்கு 8.6 சென்ரிமீற்றர். ஒவ்வொரு பங்குக்கும் ஒரு பூ. பூவின்ர அளவு மாறக்கூடாது, காம்பு மட்டும் வளையட்டும். மேல கூடுற வெளியில இலையை விரியுங்கோ, கீழ ஒடுங்கிற இடத்தில சுருள் தளிர். தண்டு ஒரு பங்கில மேல ஏறினா அடுத்த பங்கில கீழ இறங்கோணும், எட்டு இரட்டை எண் எண்டபடியாத் தலையும் வாலும் சரியா முட்டும். ஒன்பது வைச்சீங்களெண்டா முட்டாது.

பெரிய கோலம் போடேக்க அம்மாமார் நூலில சோக் கட்டி வட்டம் போட்டு, குறுக்கால நாலு கோடு இழுப்பினமே, அதே வேலைதான். 16 ஆம் நூற்றாண்டுக் கடைசியில சீனாவில இருந்து போர்த்துக்கீசக் கப்பலில போன கிராக் எண்ட கோப்பைகளிலயும் கரையைப் பங்கு பங்காப் பிரிச்சுத்தான் கீறியிருப்பினம்.

களிமண் கை (புதன், மாலை 6.40)

இனிச் சூடு. மூண்டு வழி இருக்கு.

வீட்டு அவனில சுடுற பீங்கான் பெயின்ர் போத்தலில வருது. 150 பாகை, 35 நிமிசம். சுவருக்குப் போதும். ஆனா கூர்மையா எதுவும் பட்டா உரியும்.

ரெண்டாவது, கறுப்பு லேசர் பிரின்ரரில அடிச்சு, தண்ணியில நனைச்சு ஒட்டுற ஸ்டிக்கர். சில பிரின்ரர் மையில இரும்பு ஒக்சைட் இருக்கும், சூளையில மற்றதெல்லாம் எரிஞ்சு இரும்பு நிண்டு மண்ணிறக் கோடாகும். வடிவு, ஆனா நீலம் வராது.

மூண்டாவதுதான் உங்களுக்கு. கிளேஸ் போட்டுச் சுட்ட வெள்ளைக் கோப்பையை வாங்கி, மேல்நிறம் எண்டு சொல்லுற, கிளேஸுக்கு மேல பூசுற கோபால்ட் பொடியை எண்ணெயில குழைச்சு, உங்கட கையால கீறி, 800 பாகையில சுடுறது. கிளேஸ் மெல்லமா இளகி நிறத்தைப் பிடிச்சுக்கொள்ளும். கீறமுதல் கோப்பையை ஸ்பிரிற்றால துடையுங்கோ. பிறகு முகத்தில கைவைக்காதேங்கோ, விரல் எண்ணெய் பட்ட இடத்தில நிறம் திட்டுத்திட்டாக் கழண்டு நிக்கும். நிறத்தைத் தடிப்பாப் போடாதேங்கோ, கொதிச்சுக் கொப்பளிக்கும். தடிச்ச நீலம் வேணுமெண்டா மெல்லிசாப் போட்டு ஒருக்காச் சுட்டு, திரும்ப மேல போட்டு இன்னொருக்காச் சுடுவம்.

எண்ணெய் எரியிற மட்டும் சூளை மூடியைக் கொஞ்சம் திறந்து வைக்கோணும், 500 பாகைக்குப் பிறகுதான் மூடுறது. கெதியாச் சூடேத்தினா வெடிக்கும். அடுத்த நாள் கை வைக்கிற சூட்டுக்கு வந்தாப்பிறகுதான் திறப்பன், அவசரப்படுத்தக்கூடாது.

இன்னொண்டு வலியுறுத்திச் சொல்லுறன். மேல்நிறம் போட்ட கோப்பையில சாப்பிடக்கூடாது. சில நிறங்களில ஈயமும் கட்மியமும் இருக்கும். எங்கட புளிக்கும் தேசிக்காய்க்கும் அது இளகி வரும். அனுப்பேக்க பின்னால "சுவருக்கு மட்டும்" எண்டு எழுதி விடுங்கோ.

ஸ்காபரோ மழை (புதன், இரவு 11.50)

தொங்கவிடுறதுக்கு ஒரு குறிப்பு. ஸ்பிரிங் கம்பி கொளுவி வாங்கேக்க, விளிம்பைப் பிடிக்கிற நகத்தில ரப்பர் குழாய் போட்டதா எடுங்கோ. எங்கட வீட்டில வெறுங்கம்பி விளிம்பைத் தின்னுபோட்டுது. ஊரில பழைய சுண்ணாம்புச் சாந்துச் சுவருக்கு ஆணி அடிச்சாப் பொல பொலவெண்டு கொட்டும். உள்ள கல்லுக்குப் போற மட்டும் துளைச்சு, பிளக் வைச்சு ஸ்குரூ போடச் சொல்லுங்கோ.

குருவிக்கு நன்றி அக்கா.

புகையிலைத் தோட்டம் (வியாழன், காலை 8.00)

நான் பின்வாங்குறன். கிடுகு வேலி எண்டு வாசிச்ச உடனே எங்கட தோட்டத்து வேலி அடைப்புத்தான் கண்ணுக்குள்ள வந்தது. பனையைக் கீறியிருந்தா வந்திருக்காது. கிடுகு கீறேக்க ஒண்டு கவனியுங்கோ பிள்ளை. அடுத்த கிடுகு கீழதில பாதியை மூடித்தான் கட்டுறது, மழைத்தண்ணி வழிஞ்சு போக. பெட்டி பெட்டியாக் கீறினா வேலி கட்டினவன் பாத்தாச் சொல்லிப்போடுவான்.

கிணத்தடி (நாலு கிழமைக்குப் பிறகு, சனி, இரவு 8.25)

முதல் எட்டும் நேற்றுச் சூளையால இறங்கினது.

ரெண்டு பழுது. ஒண்டில அணிலின்ர முதுகு கொப்பளிச்சிட்டுது, அண்ணை சொல்லியும் தடிப்பாப் போட்டது நான். மற்றதில கரையில என்ர பெருவிரல் அடையாளம் வெள்ளையா நிக்குது. ஆறு வடிவா வந்திருக்கு. நீலம் அம்மம்மாவின்ர கோப்பையை விடக் கொஞ்சம் ஊதா கலந்தமாதிரி. ரெண்டாம் சூட்டுக்குப் பிறகு கிட்டவா வரும் எண்டு களிமண் கை அண்ணை சொல்லுறார். கிடுகு ஐயா சொன்னமாதிரி பாதி மூடித்தான் கீறினன். ஒழுங்கையில அந்த வேலிக்காரரையே கேட்டுக் கட்டுற முறையைப் பாத்தனான்.

நெசவுக்காரி அக்கா, உங்கட கணக்கு அப்பிடியே வேலை செய்தது. எட்டுப் பங்கும் முட்டினது. ஆனா உங்களிட்டச் சொல்லாமல் ஒண்டு செய்திட்டன், கோவிக்காதேங்கோ. ஒவ்வொரு கோப்பையிலயும் ஒரே ஒரு இடத்தில கொடியை முட்ட விடேல்லை. பாதிப் பூ. எட்டிலயும் எட்டு இடம். ஒண்டில குருவிக்கு நேர, ஒண்டில அணிலுக்கு மேல, ஒண்டில கொவ்வைக்காய்க்குப் பக்கத்தில. அம்மாவை வைச்சுக்கொண்டுதான் இடம் பிரிச்சனான். எந்த இடம் எந்தப் பிள்ளைக்கெண்டு கொப்பியில எழுதி வைச்சிருக்கிறா. தன்ர சின்னண்ணையின்ர வீட்டுக்குப் போறதில மரத்துக்கு மேல வரோணும் எண்டு நிண்டவா. எங்கட கோப்பையில மரமே இல்லை. அதால கதியாலுக்கு மேல வைச்சம், பூவரசங்கதியால்.

நெசவுக்காரி (சனி, இரவு 8.50)

கோவமே? அந்தப் பாதிப் பூவைக் கிட்ட எடுத்து ஒரு படம் போடுங்கோ, நான் பாக்கோணும்.

களிமண் கை (சனி, இரவு 9.15)

தங்கச்சி, பழுதான ரெண்டையும் எறியாதேங்கோ. கொப்பளிச்ச இடத்தைத் தேய்ச்சு எடுத்துப்போட்டுத் திரும்பக் கீறலாம், விரல் பட்ட இடமும் அப்பிடித்தான். வாற வியாழன் சூளை வெறுமையா இருக்கு. அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ.